முதல் தடவையாகச் சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறேன், வாய்தான் வரமாட்டேன் என்கிறது

#1 கணபதிக்கணக்கு | 2025 ஆகஸ்ட் 9

வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றுதான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் மோட்டார் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எல்லாரும் சேர்த்து நாற்பத்திச் சொச்சம் பேர். பி.காம் முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2021 ஜூனில் இங்கே சேர்ந்தேன். அப்போது 14,000. இப்போது 19,500, பிடித்தம் போகக் கைக்கு 17,913. நடுவில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. தீபாவளி முடிந்ததும் பெரியவர் (முதலாளிதான், மகன் ஆபீசுக்கு வர ஆரம்பித்த பிறகு அவர் பெரியவர் ஆகிவிட்டார், மகன் சின்னவர்) கூப்பிட்டு "ஆயிரத்தைந்நூறு சேத்திருக்கேன் கண்ணு" என்பார், நான் "சரிங்க" என்பேன், கதை முடிந்தது.

சேரும்போது டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடுவதும் பேங்க் ஸ்டேட்மென்ட் டிக் அடிப்பதும்தான் வேலை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் வெளியே ஒரு கன்சல்டன்ட்டுக்குப் போகும். 2023 நடுவில் அவரை நிறுத்திவிட்டார்கள், இன்றுவரை நான்தான் போடுகிறேன். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன், இ-இன்வாய்ஸ், டீடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் வைத்தியக் காப்பீடு), சம்பள ஷீட், எல்லாம் என் தலையில். புகார் சொல்லவில்லை, பிடித்துத்தான் செய்கிறேன்.

போன மாதம் எனக்கு உதவிக்கு என்று ஒரு பையனை எடுத்தார்கள். காலேஜ் முடித்து நேராக வந்தவன், நல்ல பையன். அவனுக்கு 18,000. லெட்டரை டைப் அடித்ததும் நான், ஷீட்டில் அவன் பெயரை ஏற்றியதும் நான். என் வரிக்கு நேர் கீழே அவன் வரி. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு மூன்று தடவை பெரியவர் ரூம் வாசல் வரை போய்விட்டேன். ஒரு தடவை உள்ளேயே போய்விட்டேன், "என்ன கண்ணு" என்றார், "கொரியர் வந்துருச்சுங்களா" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கொரியர் என் டேபிளுக்குத்தான் வரும்.

யாரிடம் கேட்பது, பெரியவரா சின்னவரா? எவ்வளவு கேட்பது? அந்தப் பதினெட்டாயிரத்தைச் சொல்லலாமா, கூடாதா?

#2 பெஞ்சிலிருந்து | ஆகஸ்ட் 9

வெளியே ஒரு ஆஃபர் வாங்கு. அதைக் காட்டு. மேட்ச் பண்ணினால் இரு, இல்லையென்றால் போ. இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பதிவு? நாங்கள் எல்லாரும் சென்னையில் இப்படித்தான் செய்கிறோம்.

#3 குறிச்சிப்பட்டறை | ஆகஸ்ட் 9

பெஞ்சு தம்பி, ஐடி கம்பெனியில் அது நடக்கும், அங்கே நீ ஒரு நம்பர். நாற்பது பேர் கம்பெனியில் ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் முதலாளிக்கு முதலில் தோன்றுவது "இவன் எப்போதிலிருந்து வெளியே பார்க்கிறான்" என்பதுதான். சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பார், அடுத்த மாதமே சத்தமில்லாமல் இன்னொரு ஆளைத் தேட ஆரம்பிப்பார். நானே செய்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. குறிச்சி சிட்கோவில் பதினொரு பேர் வைத்து லேத் வேலை பார்க்கிறவன் நான்.

கணபதி தம்பி, முதலாளி பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 19,500 என்பது உங்களுக்குத்தான் 19,500. உங்கள் பிஎஃப் பிடித்தத்தை வைத்துப் பார்த்தால் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000 இருக்கும் போலிருக்கிறது. அதற்கு முதலாளி பங்கு, நிர்வாகச் செலவெல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,560. ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், 634. ஆக 21,694. இதற்கு மேல் போனஸ், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தருகிற பணிக்கொடை) தனி. நீங்கள் ஐயாயிரம் கேட்டால் எங்கள் காதில் ஆறாயிரம் என்று விழும். கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இன்னொன்று. சம்பள ஷீட் பார்க்கிற கை அதைப் பற்றிப் பேசக்கூடாது. அந்தப் பையன் சம்பளத்தைச் சொல்லிக் கேட்டீர்கள் என்றால் அன்றைக்கே உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். நான் முதலாளியாக இருந்தால் ஷீட்டை அடுத்த மாதமே வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன்.

#4 தையல்மிஷின்சத்தம் | ஆகஸ்ட் 9

பட்டறைக்காரர் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி எனக்கு ஒப்பவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்பது ரகசியமாக இருப்பதால் லாபம் யாருக்கு? நாலு வருஷம் இருந்தவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் 1,500 ரூபாய்தான் வித்தியாசம் என்றால் அந்த வெட்கம் கொடுத்தவருக்கு இருக்க வேண்டும், பார்த்தவனுக்கு ஏன்?

நான் திருப்பூரில் மெர்ச்சன்டைசர். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே சம்பாதிக்கிறாருங்க மேடம்". சட்டென்று ஒரு பதில் கொடுத்திருக்கலாம், அதுதான் இல்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எல்லாம் வரிசையாக வந்தது. ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பக் கேட்டேன், வீட்டுக்காரர் பேச்சு வந்தவுடன் "அவர் சம்பளத்தை அவங்க கம்பெனியில பேசிக்குவாருங்க, நாம இந்த பையர் ஆர்டரைப் பேசலாங்களா" என்று சொல்லப் பழகிக்கொண்டு போனேன். கண்ணாடி முன் நின்று பழகினேன், உண்மையாக. கிடைத்தது.

அதனால் தம்பி, என்ன சொல்லப் போகிறீர்களோ அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் ரூம் வாசலில் கொரியர்தான் வரும்.

#5 கறுப்பாடு | ஆகஸ்ட் 10

பேசாமல் வேலையை விடு ப்ரோ. அடிமை வேலை.

#6 சிங்கைச்செல்வி | ஆகஸ்ட் 10

கறுப்பாடு சார், இப்போது விட்டால் கிராஜுவிட்டி போய்விடும். 2021 ஜூனில் சேர்ந்தவருக்கு ஐந்து வருஷம் முடிய 2026 ஜூன் ஆக வேண்டும். 4 வருஷம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் காட்டி வாங்க அலைய வேண்டியிருக்கும். கடைசியாக வாங்கிய பேசிக்கில் 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து வருஷக் கணக்கால் பெருக்கினால் வருவதுதான் தொகை. 12,000க்கு ஐந்து வருஷத்துக்கு 34,615. நாலு வருஷம் உட்கார்ந்தவர் இதை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

கணபதி தம்பி, கூட்டிக் கேட்கும்போது பேசிக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கைக்குக் கொஞ்சம் குறையும், பிஎஃப் கூடப் பிடிப்பார்கள், ஆனால் கிராஜுவிட்டி கடைசி பேசிக்கில் பார்க்கிறார்கள் இல்லையா, அங்கே சேர்ந்து வரும். "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று ஷீட்டில் ஒரு கட்டம் போட்டு அதில் தள்ளிவிடுவதுதான் எங்கள் டைம் ஆபீசிலும் வழக்கம். நானே தள்ளியிருக்கிறேன், மன்னிக்கவும்.

#7 பெஞ்சிலிருந்து | ஆகஸ்ட் 10

சிங்கப்பூரிலும் கிராஜுவிட்டி உண்டா மேடம்?

#8 சிங்கைச்செல்வி | ஆகஸ்ட் 10

சிங்காநல்லூர் சார்.

#9 ஆலைச்சங்கு | ஆகஸ்ட் 10

வயசு எழுபத்தொன்று, பேரன் டைப் அடித்துக் கொடுக்கிறான். பஞ்சாலையில் இருபத்தாறு வருஷம் ரிங் பிரேமில் நின்றவன். எங்கள் காலத்தில் சம்பளம் கூட்டிக் கேட்பது என்றால் ஒருவன் போய்க் கேட்பதில்லை. சங்கம் கேட்கும், ஆலைக்காரர்கள் முடியாது என்பார்கள், லேபர் ஆபீசில் போய் உட்காருவோம், கடைசியில் 12(3) ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தாகும். பஞ்சப்படி விலைவாசிப் புள்ளிக்கு இவ்வளவு என்று தனியாக ஏறும். யார் யாருக்கு என்ன கூலி என்று கேட் போர்டிலேயே ஒட்டியிருக்கும், இந்தத் தம்பி சொல்கிற ரகசியம் எல்லாம் எங்களுக்குக் கிடையாது.

அதனாலேயே ஒன்று சொல்கிறேன். ஆலை மூடிய பிறகு ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாக ஒன்பது வருஷம் இருந்தேன். அங்கே தனியாக நின்று ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கொடி பிடித்துக் கத்தினவன்தான் நான். கூட்டத்தில் கேட்பது வேறு, ஒத்தையாகக் கேட்பது வேறு. உனக்கு வாய் வரவில்லை என்றால் நீ கோழை என்று அர்த்தமில்லை தம்பி.

#10 கணபதிக்கணக்கு | ஆகஸ்ட் 10

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். நன்றி.

எல்லாருக்கும் நன்றி. செல்வியக்கா, ஈஎஸ்ஐ பற்றி ஒரு சந்தேகம். அம்மா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில்தான் மாத்திரை வாங்குகிறார்கள், போன வருஷம் கண் ஆபரேஷனும் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான். 21,000ஐத் தாண்டினால் ஈஎஸ்ஐ கிடையாது இல்லையா? மாதாமாதம் செலான் கட்டுகிறவன் நான், ஊரார் கணக்கு எல்லாம் தெரிகிறது, சொந்தக் கணக்கில் இதை யோசிக்கவே இல்லை. 25,000 கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். ஈஎஸ்ஐ போய் மாதம் இரண்டாயிரம் மாத்திரைக்குக் கொடுத்தால் என்ன மிச்சம்?

#11 எல்லாம்தெரிந்தவன் | ஆகஸ்ட் 10

21,000 தாண்டினால் போனஸும் போய்விடும். 20,900இல் நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

#12 சிங்கைச்செல்வி | ஆகஸ்ட் 11

எல்லாம் தெரிந்தவரே, போனஸுக்கு உள்ள 21,000 பேசிக், டிஏ (பஞ்சப்படி) இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. வீட்டு வாடகைப்படி அதில் வராது. கணபதி தம்பிக்கு பேசிக் 12,000தான், மொத்தம் 25,000 ஆனாலும் போனஸ் உண்டு. ஈஎஸ்ஐக்குத்தான் வாடகைப்படி எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள், ஓவர்டைம் மட்டும் வரம்பு பார்க்கும்போது சேராது. இந்த இரண்டு 21,000ஐயும் ஒன்றாகக் குழப்பி எங்கள் மில்லில் ஒருவர் இரண்டு வருஷம் சம்பள உயர்வே வேண்டாம் என்றிருந்தார்.

இப்போது ஈஎஸ்ஐ. இதைக் கவனமாக வாசியுங்கள் தம்பி, பணம் இதில்தான் இருக்கிறது. வருஷத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபரிலிருந்து மார்ச். இந்த ஆறு மாதம் தொடங்கும்போது நீங்கள் 21,000க்குள் இருந்தால், நடுவில் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் அந்த ஆறு மாதம் முடிகிறவரை உள்ளேதான், ஏறின சம்பளத்துக்கே பிடிப்பார்கள். அடுத்தது, ஏப்ரல் டு செப்டம்பர் கட்டினதற்கு வைத்தியம் அடுத்த ஜனவரி டு ஜூன். அக்டோபர் டு மார்ச் கட்டினதற்கு ஜூலை டு டிசம்பர்.

அதாவது உங்கள் உயர்வு அக்டோபர் 1 முதல் என்று போட்டால் அன்றைக்கே வெளியே, அம்மாவுக்கு 2026 ஜூன் வரை ஓடும். அதையே நவம்பர் 1 முதல் என்று போட்டால் மார்ச் வரை கட்டுவீர்கள், 2026 டிசம்பர் வரை ஓடும். ஒரு மாதம் தள்ளினால் ஆறு மாத வைத்தியம். ஒரு மாத உயர்வை விட்டுக்கொடுப்பதில் நஷ்டமே இல்லை.

#13 குறிச்சிப்பட்டறை | ஆகஸ்ட் 11

அம்மணி, பதினொரு பேருக்கு ஒன்பது வருஷமாகக் கட்டுகிறேன், இது எனக்கே தெரியாது. என் ஆடிட்டரும் சொன்னதில்லை.

#14 கணபதிக்கணக்கு | ஆகஸ்ட் 11

எனக்கும் இப்போதுதான் தலையில் இறங்குகிறது. இன்று 11ஆம் தேதி, முதலில் ரிட்டர்னைப் போட்டுவிட்டு வருகிறேன்.

#15 தையல்மிஷின்சத்தம் | ஆகஸ்ட் 12

பாருங்கள், உயர்வு கேட்கப் பயப்படுகிற ஆள் முதலாளியின் ரிட்டர்னை முதலில் போடப் போகிறார்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு வருகிறேன். 25,000 என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? "விலைவாசி ஏறிப்போச்சுங்க, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் முதலாளி கையில் ஐயாயிரம் கொடுத்து "அட்வான்ஸா வெச்சுக்கோ" என்பார், சம்பளம் அப்படியே இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த கன்சல்டன்ட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்? அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

#16 கணபதிக்கணக்கு | ஆகஸ்ட் 12

மாதம் 6,000. லெட்ஜரில் இருக்கிறது, நான்தான் என்ட்ரி போட்டேன். வருஷத்துக்கு 72,000. அட, இதை நான் இப்படிக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். போன டிசம்பரில் ஜிஎஸ்டி தளத்தில் வருகிற 2பி பட்டியலையும் நம் பர்ச்சேஸ் புக்கையும் ஒப்பிட்டபோது ஒரு காஸ்டிங் சப்ளையர் மூன்று மாதமாக ரிட்டர்னே போடவில்லை என்று கண்டுபிடித்தேன். நமக்கு வர வேண்டிய வரி கிரெடிட் 1,84,000. தினமும் காலையில் போன் அடித்து, கடைசியில் அந்த சப்ளையருக்கு அடுத்த பேமென்ட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி, பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. அப்புறம் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அதை அந்த வருஷச் செலவில் கழிக்க முடியாது என்று வருமான வரியில் 43பி(எச்) வந்ததே, அதற்கு மார்ச் முதல் வாரமே யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று லிஸ்ட் எடுத்துக் கொடுக்கிறேன். இதற்கெல்லாம் "குட்" என்று ஒரு வார்த்தை வரும்.

#17 குறிச்சிப்பட்டறை | ஆகஸ்ட் 12

தம்பி, இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேன். நம் ஆள் இவ்வளவு செய்கிறான் என்று முதலாளிக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சத்தியமாகத் தெரியாது. எனக்கு லேத் ஓடுகிற சத்தம் காதில் விழும், ஆபீஸில் யார் என்ன செய்கிறார்கள் என்பது ஏதாவது தப்பு நடந்தால்தான் தெரியும். நல்ல அக்கவுண்டன்ட் என்றால் அவன் இருப்பதே தெரியாது, அதுதான் உங்கள் கஷ்டம்.

ஒரே ஒரு பேப்பரில் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். 3பி வாரத்தில் போகாதீர்கள், வரி கட்டுகிற வாரம் அவர் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பம்ப் கம்பெனி என்றால் மழைக்காலத்தில் விற்பனை படுத்திருக்கும், சீசன் வரை தள்ளினால் தீபாவளி உயர்வு ஆயிரத்தைந்நூறோடு முடிந்து ஒரு வருஷம் ஓடிவிடும். ஆயுத பூஜைக்கு முன்னால் காதில் போட்டுவிடுங்கள், தீபாவளிக் கணக்கு போடும்போது உங்கள் நினைப்பு வரும். பெரியவரிடமே போங்கள். உங்களை எடுத்தவர் அவர். சின்னவரிடம் போனால் பெரியவரைத் தாண்டிப் போன மாதிரி ஆகிவிடும்.

ஒரு நம்பரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். "இல்லைங்க, நீங்க பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாத்துத்தான் செய்வோம், ஆயிரம் ரூபாய்க்கு.

#18 பெஞ்சிலிருந்து | ஆகஸ்ட் 13

சரி, நான் முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பாதி மட்டும். ஆஃபரைக் காட்ட வேண்டாம், ஆனால் வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்றாவது பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் போகாதீர்கள்.

போன வருஷம் எங்கள் டீமில் ஒருவன் இல்லாத ஆஃபரை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். மேனேஜர் கை கொடுத்து "கங்கிராட்ஸ், லாஸ்ட் டே எப்போ" என்றார். மூன்று மாதம் வீட்டில் இருந்தான். அந்த ஒருவன் யார் என்று கேட்காதீர்கள்.

#19 கணபதிக்கணக்கு | ஆகஸ்ட் 13

நான் பார்த்த மூன்று விளம்பரங்களில், ஜிஎஸ்டி தெரிந்த நாலு வருஷ அனுபவத்துக்கு, பீளமேட்டில் ஒன்று 22,000, மற்ற இரண்டும் 25லிருந்து 28 வரை. அப்ளை செய்யவில்லை. செய்யத் தோன்றவும் இல்லை, இங்கே ஆட்கள் நல்லவர்கள், வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

#20 தையல்மிஷின்சத்தம் | செப்டம்பர் 14

தம்பி? ஒரு மாதம் ஆயிற்று. கொரியர் வந்ததா?

#21 கணபதிக்கணக்கு | செப்டம்பர் 27

வந்ததுக்கா. இன்று மதியம் போய்விட்டேன்.

பேப்பர் எடுத்து வைத்திருந்தேன், ஒரு ஏ4, மேல் பாதியில் மட்டும் ஆறு வரி. கன்சல்டன்ட் 6,000, அந்த 1,84,000, 43பி(எச்) லிஸ்ட், 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா ரிட்டர்னும் லேட் ஃபீ இல்லாமல் போனது, இப்போதுள்ள சம்பளம், கேட்கிற சம்பளம் 25,000. பையனைப் பற்றி ஒரு வரி எழுதி அடித்துவிட்டு வேறு பேப்பரில் திரும்ப எழுதினேன்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. திரும்ப முன்பக்கம். கீழே டெஸ்டிங்கில் ஒரு பம்ப் ஓடி நிற்கிறது, இன்னொன்று ஓடுகிறது, தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. பட்டறை அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது, வாயை மூடு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"இந்த ஒண்ணே முக்கா லட்சம் எப்ப நடந்துச்சு?" என்றார்.

சொன்னேன்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சின்னவர்கிட்டச் சொன்னேனுங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "புதுப் பையனுக்குப் பதினெட்டுன்னு பாத்துட்டுத்தானே வந்தே?" என்றார்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. "பாத்தேனுங்க. என் கையாலதானே அடிச்சேன். ஆனா அதுக்காக மட்டும் வரலீங்க, இந்தப் பேப்பர்ல இருக்கறது அதுக்கு முன்னாடியே இருக்குதுங்க" என்றேன். குரல் நடுங்கியது, ஒத்துக்கொள்கிறேன்.

"அவனையும் சின்னவன்தான் பேசி எடுத்தான்" என்று மட்டும் சொன்னார். பேப்பரை மடித்து டிராயரில் வைத்துக்கொண்டு, "ஆயுத பூஜை முடியட்டும்" என்றார். இது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

#22 எல்லாம்தெரிந்தவன் | செப்டம்பர் 27

தள்ளிப் போடுகிறார். கிடைக்காது.

#23 குறிச்சிப்பட்டறை | செப்டம்பர் 27

பேப்பரை டிராயரில் வைத்தார் என்றால் கிடைக்கும். வேண்டாத பேப்பர் என்றால் உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார். எவ்வளவு என்பதுதான் இனிக் கேள்வி. ஷீட் விஷயத்தில் நான் சொன்னது முழுக்கச் சரியில்லை போலிருக்கிறது, அவரே கேட்டபோது நீங்கள் மறைத்திருந்தால்தான் கெட்டிருக்கும்.

#24 ஆலைச்சங்கு | செப்டம்பர் 28

தாத்தா உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார், வாசித்துக் காட்டினேன். "நின்னுட்டே கேட்டானா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்தார். (பேரன்)

#25 கணபதிக்கணக்கு | அக்டோபர் 4

முதலில் ஐயா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி.

நேற்று சாயந்தரம் கூப்பிட்டார்கள், பெரியவர், சின்னவர் இரண்டு பேரும். சின்னவர்தான் பேச ஆரம்பித்தார், 21,500 என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் "சரிங்க" என்று வந்திருப்பேன், வாய் வரை வந்தது. "கன்சல்டன்ட்டுக்குக் கொடுத்ததே ஆறாயிரமுங்க" என்றேன். அதற்கு சின்னவர் சொன்னதற்கு எனக்குப் பதில் இல்லை: "அந்த ஆறாயிரத்தை முழுசா உங்களுக்கே கொடுத்துட்டா கம்பெனிக்கு என்னங்க லாபம்?" நியாயம்தானே. நான் யோசித்துக்கொண்டு நிற்க, பெரியவர் குறுக்கே வந்து "இருபத்தி மூணு. ஏப்ரல்ல திரும்பப் பேசலாம். இந்த மாசமே போட்டுக்கோ" என்றார்.

இங்கேதான் செல்வியக்கா. "ரொம்ப நன்றிங்க, ஆனா நவம்பர்லருந்து போட்டுக்கலாங்களா" என்றேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஈஎஸ்ஐ கணக்கை விளக்கினேன், அக்டோபரில் ஏறினால் அம்மாவுக்கு ஜூன் வரை, நவம்பரில் ஏறினால் டிசம்பர் வரை. பெரியவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "நாப்பது வருசமா கம்பெனி நடத்தறேன், சம்பளத்தை ஒரு மாசம் கழிச்சுக் குடுங்கன்னு கேட்ட ஆளு நீதான் கண்ணு" என்றார். சின்னவர் சிரிக்கவில்லை, இதே மாதிரி வரம்புக்குப் பக்கத்தில் நம்மிடம் வேறு யார் யார் இருக்கிறார்கள், லிஸ்ட் எடுங்கள் என்றார். வைண்டிங்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த வேலையும் எனக்குத்தான் வந்தது.

பேசிக் 14,000 ஆகப் போட ஒத்துக்கொண்டார்கள். நான் கேட்டது 25,000. இரண்டாயிரம் குறைவு. ராத்திரி அதை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, 27 என்று ஆரம்பித்திருக்க வேண்டுமோ?

#26 தையல்மிஷின்சத்தம் | அக்டோபர் 4

ஆரம்பித்திருக்க வேண்டும். ஏப்ரலில் ஆரம்பியுங்கள். இப்போதைக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல புடவை, உங்களுக்கு என் வாழ்த்து. ஏப்ரலில் பேசலாம் என்று அவர் சொன்னதை ஒரு மெயிலாக அனுப்பி வையுங்கள், "நேற்றுப் பேசியபடி" என்று தொடங்கி நாலு வரி. நல்லவர்களும் மறந்துவிடுவார்கள்.

#27 சிங்கைச்செல்வி | அக்டோபர் 5

23,000இல் பிஎஃப் 1,680, ஈஎஸ்ஐ 173, கைக்கு 21,147. ஏப்ரலிலிருந்து அந்த 173 பிடிக்க மாட்டார்கள். இப்போதைய 17,913ஐ விட 3,234 அதிகம். 2026 ஜூனில் ஐந்து வருஷம் முடியும்போது கிராஜுவிட்டி 40,385 ஆகியிருக்கும், பழைய பேசிக் என்றால் 34,615தான். அந்த வித்தியாசத்தில் எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு.

ஈஎஸ்ஐ முடிவதற்குள் அம்மாவுக்குத் தனியாக ஒரு மெடிக்கல் பாலிசி பாருங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அதனால் இப்போதே ஆரம்பித்தால்தான் கொஞ்சமாவது ஓடியிருக்கும். டிசம்பரில் போய் நிற்காதீர்கள்.

#28 கறுப்பாடு | அக்டோபர் 5

23 எல்லாம் ஒரு சம்பளமா ப்ரோ.

#29 குறிச்சிப்பட்டறை | அக்டோபர் 5

கறுப்பாடு, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்?

#30 கறுப்பாடு | அக்டோபர் 6

தேடிக்கிட்டு இருக்கேன்ணா.

#31 குறிச்சிப்பட்டறை | அக்டோபர் 6

டாலி தெரியுமா? தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பதினெட்டில் ஆரம்பிக்கலாம், நாலு வருஷம் கழித்து யாரும் இங்கே வந்து என்னைப் பற்றி எழுதாதபடி பார்த்துக்கொள்கிறேன்.

#32 பெஞ்சிலிருந்து | டிசம்பர் 1

கணபதி ப்ரோ, இன்று சம்பள ஷீட் போட்டிருப்பீர்களே? சும்மா கேட்கிறேன்.

#33 கணபதிக்கணக்கு | டிசம்பர் 1

காலையில்தான் போட்டேன். நாற்பத்திரண்டு பேருக்கும் மளமளவென்று ஏற்றிவிட்டு என் வரியைக் கடைசிக்கு விட்டேன். 23,000 என்று அடித்துவிட்டு, சரிதானா என்று சின்னவர் அனுப்பின மெயிலைத் திரும்ப ஒரு தடவை திறந்து பார்த்தேன், என் பெயருக்கு நானே கூட்டி எழுதுகிற மாதிரி ஒரு கூச்சம். பிரின்ட் எடுத்துப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் எப்போதும் கடைசிப் பக்கத்தில் மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இன்றைக்கு முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து இறங்கி என் வரியில் நிறுத்தி, சின்னதாக ஒரு டிக் போட்டார். அப்புறம் "கொரியர் வந்துருச்சா கண்ணு?" என்றார்.

அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.